ஆம்பூரில் ஒரு தயிர்சாதம்

கூச்ச சுபாவம் உள்ளவன் வேலைக்குப் பயப்படமாட்டான்; வாயைத் திறக்கத்தான் பயப்படுவான். அதிலிருந்து தப்பிக்க எந்தப் பாடும் படுவான். நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டதே அப்படித்தான்.

ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆபீஸ் உதவியாளர். படிப்பு பிளஸ் டூ. (வாய்மொழித் தேர்வு இருந்திருந்தால் அதுவும் இல்லை.) என்னை வேலைக்குச் சேர்த்த ஹெச்.எம். மேடம் ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. பிரிவு விருந்துக்குச் சாப்பாடு சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. யாருக்கு மட்டன், யாருக்குச் சிக்கன் என்று ஸ்டாஃப் ரூமில் நின்று ஒவ்வொருவராகக் கேட்பதை நினைத்தாலே வேர்த்தது.

கல்லூரியில் படிக்கும் என் மகள்தான் வழி சொன்னாள். "நைனா, ஆன்லைன்ல ஒரு பக்கம் தொறந்து லிங்க்க அனுப்பிடு. அவங்கவங்க போன்லயே எழுதிக்கட்டும். நீ யார்கிட்டயும் பேசவே வேணாம்."

கடைசி வாக்கியம் எனக்கு வேதவாக்கு.

மறுநாள் ஸ்மார்ட் கிளாஸ் திரை முன்னால் நின்று டீச்சர்களுக்கு அதை அறிமுகம் செய்தேன். அறிமுகம் என்றால், குனிந்தபடி, "எல்லாரும் ஒரே பக்கத்துல எழுதலாம், எல்லாருக்கும் தெரியும்" என்று முணுமுணுத்ததுதான்.

"இன்னா முரளி, சட்டை பட்டன்கிட்ட பேசிட்டிருக்கீங்க?" என்றார் சயின்ஸ் டீச்சர் நஸீமா. எல்லாரும் சிரித்தார்கள். யாரும் சந்தேகம் கேட்பதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன்.

சாயங்காலம் திறந்து பார்த்தேன். 'நஸீமா – மட்டன் பிரியாணி' என்று இருந்தது. ஆம்பூரில் தொழில்நுட்பப் புரட்சி தொடங்கிவிட்டது. அதே லிங்க்கை ஓட்டல் மாஸ்டருக்கும் அனுப்பி, 'இதில் உள்ளபடி நாளை மதியம் கொடுக்கவும்' என்று எழுதினேன். (அவரிடமும் பேச வேண்டாமே.)

விருந்து நாள். பாராட்டுரைகள் முடிந்து எல்லாரும் இலை முன்னால் உட்கார்ந்தாயிற்று. நான் கேட்டில் நின்று அண்டா ஏற்றிய வேனை எதிர்பார்த்தேன். ஒரு பைக் வந்தது. ஹேண்டில்பாரில் ஒரு பை தொங்கியது.

"தயிர்சாதம் ஒன்னு. ஊறுகா உள்ளயே இருக்குண்ணா."

"பிரியாணி?"

"லிங்க்ல இது ஒன்னுதாண்ணா இருந்துச்சு. மாஸ்டருக்கே பேஜாராய்ட்ச்சு. உங்களுக்கு எத்தினி வாட்டி போன் அடிச்சாரு தெரியுமா? நீங்க எடுக்கவே இல்ல."

(நான் போன் எடுப்பதில்லை. அடித்து ஓயும் வரை அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.)

பையோடு உள்ளே போனேன். விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. எங்கள் பள்ளியில் ஹெச்.எம். மேடம் வைத்த சட்டம் ஒன்று உண்டு. முந்தின பீரியட்காரர் எழுதியதை அழித்து, போர்டைச் சுத்தமாக்கிய பிறகுதான் அடுத்தவர் சாக்பீஸைத் தொட வேண்டும். போனிலும் அதையே செய்திருக்கிறார்கள். நஸீமா டீச்சரின் மட்டனை ஜெயசீலி டீச்சர் அழித்துத் தன் சிக்கனை எழுத, அந்தச் சிக்கனைத் தமிழ் ஐயா அழிக்க, இப்படியே போய், கடைசியாக எல்லாவற்றையும் பளிச்சென்று துடைத்துவிட்டு 'எனக்கு அல்சர். தயிர்சாதம் ஒன்று' என்று எழுதியவர் ஹெச்.எம். மேடம்.

அவருடைய கடைசி நாளைக் கெடுத்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன்.

"முரளி," என்றார் மேடம். "நான் வச்ச ரூல்ஸ ஒருத்தரும் மதிக்கலன்னு நெனச்சிட்டே ரிட்டயர் ஆவ இருந்தேன். இன்னா மாதிரி மதிச்சிருக்காங்க பாரு."

பொட்டலத்தைப் பிரித்து, ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு வாய் தயிர்சாதம் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இப்ப போய் பிரியாணி வாங்கிட்டு வா. லிங்க் வேணாம். வாயால கேளு."

பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். அதுவரை வாழ்நாள் முழுக்கப் பேசியதைவிட அன்று மதியம் அதிகம் பேசியிருப்பேன். பிரியாணியும் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காயும் இலைக்கு வந்தபோது சாயங்கால டீ நேரம்.

இப்போதும் நான் போனில் புதிதாக ஏதாவது ஆப் இறக்கினால் என் மனைவி ஒன்றும் சொல்வதில்லை. அன்றைக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகப் பாலை எடுத்து உறை ஊற்றி வைக்கிறாள்.