ஒரு நிமிட நிறுத்தத்துக்கு மணிவிழா

மேலத்தரிசு ரயில் நிலையத்தின் சேவைகள் குறித்துப் பொதுமக்களிடையே நிலவிவரும் தவறான கருத்துகளைக் களைய வேண்டியது, அந்நிலையப் பயணிகள் நலச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் என் கடமையாகிறது.

நிலையத்தில் வசதி இல்லை என்பது முதல் அவதூறு. குடிநீர்க் குழாய் இருக்கிறது. தண்ணீர் வருவதில்லை என்பதற்காகக் குழாயே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? கழிப்பறை இருக்கிறது. பூட்டியிருக்கிறது. சாவி நிலைய அதிகாரியிடம் கிடைக்கும் என்று பலகையில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். நிலைய அதிகாரி என்று இங்கே யாரையும் நியமிக்கவில்லை. அதைப் பற்றிப் புகார் எழுதலாம். புகார்ப் புத்தகம் நிலைய அதிகாரியிடம் இருக்கிறது.

சங்கம் பிறந்ததற்குக் காரணம் சாரம்மாள் அக்கா. அவர் திருநெல்வேலியில் ஒரு மாணவியர் விடுதியில் சமையல் வேலை பார்க்கிறார். காலை எட்டு மணிக்கு அடுப்படியில் இருக்க வேண்டும். இரண்டு பஸ் மாறிப் போனால் எட்டரை ஆகிவிடும். ஏழு பத்துக்கு எங்கள் நிலையத்தைத் தாண்டித்தான் ஒரு ரயில் போகிறது. தாண்டித்தான் போகும், நிற்காது. "அது ஒரு நிமிசம் நின்னா என் பொழப்பு நிக்கும் தம்பி" என்று ஒருநாள் திருநெல்வேலி ஜங்ஷனில் உள்ள என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து சொன்னார். மனு எழுதிக் கொடுக்கச் சொல்லித்தான் வந்தார். ஒரு ஆள் கொடுக்கும் மனுவை எந்த ஆபீஸில் மதிப்பார்கள்? ஆகவே சங்கம் ஆரம்பித்தோம். சிமெண்ட் கடை ஐயம்பெருமாள் அண்ணாச்சி தலைவரானார். மனுவுக்கு நூறு நகல் தேவைப்பட்டது, இயந்திரம் என்னிடம் இருந்தது, அதனால் நான் செயலாளரானேன். நிர்வாகிகள் மொத்தம் பதினொரு பேர். பதினொரு பேரிடமும் பைக் இருக்கிறது.

இரண்டு வருடம் மனு கொடுத்தோம். கடைசியில் பதில் வந்தது. "தகுதிவாய்ந்த அலுவலரின் ஒப்புதலுக்கு இணங்க, பயன்பாட்டு மதிப்பாய்வுக்கு உட்பட்டு, சோதனை அடிப்படையில் ஆறு மாத காலத்துக்கு ஒரு நிமிட நிறுத்தம் வழங்கப்படுகிறது." அண்ணாச்சி அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு நிலையத்தில் மாட்டினார்.

முதல் நாள் ரயிலை வரவேற்காமல் இருக்க முடியுமா? நம் ஊர்ப் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? வாழைமரம் கட்டினோம். இன்ஜினுக்குச் சந்தனம், குங்குமம், ரோஜா மாலை. கொட்டுமேளம். ஓட்டுநரைக் கீழே இறங்கச் சொல்லிப் பொன்னாடை போர்த்தினோம். ஒரு நிமிட நிறுத்தம் பதினொரு நிமிடம் ஆயிற்று. சாரம்மாள் அக்கா கூட்டத்துக்குள் புகுந்து எப்படியோ ஏறிவிட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். அண்ணாச்சி விடவில்லை, நானும் விடவில்லை.

"அனுமதி ஆறே மாசம். வருசக் கணக்குல விழா எடுக்கணும்னு காத்துக்கிட்டு இருந்தா நிறுத்தமே இருக்காது வே" என்றார் அண்ணாச்சி. நியாயம்தானே? ஒரு நாளை ஒரு வருடமாகக் கொண்டு கணக்கிடுவது என்று செயற்குழு ஒருமனதாக முடிவெடுத்தது. இருபத்தைந்தாம் நாள் வெள்ளி விழா, ஐம்பதாம் நாள் பொன்விழா. இடையில், எல்லா ஊரிலும் வைத்திருக்கிறார்களே, நமக்கு மட்டும் என்ன குறை என்று நடைமேடையில் ஆள் உயரத்துக்கு 'நான் மேலத்தரிசை நேசிக்கிறேன்' என்று எழுத்துகள் வைத்தோம். நடுவில் சிவப்பாக ஒரு இதயம். பொதுப்பெட்டியின் கதவு சரியாக அந்த இதயத்துக்கு நேராக வந்து நின்றது. சாரம்மாள் அக்கா தூக்குச்சட்டியோடு இதயத்தைச் சுற்றிக்கொண்டு போய் ஏறினார். கல்லூரிப் பிள்ளைகள் இதயத்தோடு படம் எடுத்துக்கொண்டு பைக்கில் கல்லூரிக்குப் போனார்கள்.

அறுபதாம் நாள் மணிவிழா. அறுபது குத்துவிளக்கு. ஓட்டுநர் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே தலையில் கை வைத்துவிட்டார்.

"சார், சிக்னல் போட்டாச்சு. நேரமாகுது."

"இருங்க சார், இன்னும் ரெண்டே பொன்னாடைதான்."

"வீட்ல பதினேழு கிடக்கு சார். என் பொண்டாட்டி ஜன்னலுக்குத் திரை தச்சுப் போட்டுட்டா."

பொதுப்பெட்டி இன்ஜினை அடுத்து இருப்பதால் விழாக்கூட்டம் முழுவதும் அதன் வாசலில்தான் நின்றது. வண்டி கிளம்பிய பிறகு பார்த்தால் சாரம்மாள் அக்கா இதயத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் கடைக்கு வந்தார். "தம்பி, எனக்கு விழா ஒண்ணும் வேண்டாம். ஏறுத இடத்துல வழி விட்டாப் போதும். நேத்து ஒம்பதரைக்குப் போய் நின்னேன். பிள்ளைகள்லாம் சாப்பிடாமப் பள்ளிக்கொடம் போயிட்டு. இன்னொரு தடவ பிந்தினா வேற ஆளப் பாத்துக்கிடுவோம்னு வார்டனம்மா சொல்லிட்டாவ."

எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. அன்று மாலையே அவசரச் செயற்குழுவைக் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் கண்கலங்கினார்கள். இத்தனை பேரைக் கௌரவித்துவிட்டு, பயணியைக் கௌரவிக்காமல் விட்டது பெருங்குறை என்று தீர்மானம் நிறைவேறிற்று.

இரண்டு நாள் கழித்து, 'முதல் பயணி' விருது வழங்கும் விழா. சாரம்மாள் அக்கா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல நாற்காலியில் உட்காரவைத்தோம். "அன்னாரின் தன்னலமற்ற பயணத்தைப் பாராட்டி" என்று அண்ணாச்சி வாசிக்கத் தொடங்கினார். அன்றைக்குப் பார்த்து ஓட்டுநர் புத்திசாலியாகிவிட்டார். கீழேயே இறங்கவில்லை. சரியாக ஒரு நிமிடத்தில் வண்டியை எடுத்துவிட்டார். அக்கா எழுந்து ஓடினார். பொன்னாடை காலில் சிக்கியது.

நான்தான் பைக்கில் கூட்டிப்போனேன். எட்டு மணி தாண்டி ஏழு நிமிடம். வார்டன் அம்மா பொன்னாடையை மேலும் கீழும் பார்த்து, "கல்யாண வீட்டுலருந்தா வாரிய?" என்று கேட்டார். நான் குறுக்கே விழுந்து, எல்லாம் சங்கத்தின் தவறு என்று சொல்லிக் கெஞ்சினேன். இதுதான் கடைசி என்று சொல்லி உள்ளே விட்டார். இனி தினமும் நானே கூட்டிவருகிறேன் அக்கா என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆறரைக்கே எழுந்திருக்க வேண்டுமே என்று நினைத்ததும் உள்ளே போய்விட்டது.

அடுத்த வாரம் மேலிடத்துக் கடிதம் வந்தது. "சோதனைக் காலத்தில் இந்நிலையத்தில் வண்டி பலமுறை நீண்ட நேரம் தடுத்து நிறுத்தப்பட்டுள்ளது. ஏறும் பயணிகள், சாதாரண நாட்களில்: ஒருவர். கடந்த இரு விழா நாட்களில்: எவருமில்லை. ஆகவே வரும் ஒன்றாம் தேதி முதல் நிறுத்தம் விலக்கிக்கொள்ளப்படுகிறது."

ஊரே கொதித்தது. கடைசி நாளன்று கண்டனத்தையும் பிரியாவிடையையும் சேர்த்து ஒரே விழாவாக நடத்துவது என்று முடிவாயிற்று. முந்நூறு பேர் வந்துவிட்டார்கள். நிலையத்துக்கு வெளியே புளியமரம் வரை பைக் நின்றது. கூட்டத்தைப் பார்வையிட ஒரு ரயில்வே அதிகாரி வந்திருந்தார். அவரைப் பேசவே விடாமல் பொன்னாடை போர்த்தினோம். அவர் அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"உங்க மேல எனக்குக் கோபம் இல்லீங்க. இன்னைக்குத்தான் மதிப்பாய்வோட கடைசி நாள். ஒரு இருபது பேர் இதுல ஏறினாப் போதும், 'பயன்பாடு அதிகரித்து வருகிறது'ன்னு எழுதி நீட்டிக்கச் சொல்லிடுவேன். உங்கள்ல எத்தனை பேர் இப்ப திருநெல்வேலி போறீங்க?"

முந்நூறு கைகள் உயர்ந்தன. அதிகாரியின் முகம் மலர்ந்தது. சாரம்மாள் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். நிறுத்தம் வந்த நாளிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ரயில் வந்து நின்றது. அக்கா ஏறினார். வாசலிலேயே நின்று, "வாங்க, ஏறுங்க" என்று கூப்பிட்டார்.

"நீங்க ஏறுங்க அண்ணாச்சி. தலைவர்லா?" என்றேன் நான்.

"செயலாளர் ஏறினாத்தான் மரியாதை. நான் பைக்க வெயில்ல போட்டுருக்கேன் வே."

"எனக்குக் கடை தொறக்க ஒம்பது மணி. இப்பமே போய் ஜங்ஷன்ல ஒரு மணி நேரம் என்ன செய்ய?"

"போவேன். திரும்பி வாரதுக்கு வண்டி வேணும்லா?" என்றார் ஒருவர்.

"இன்னைக்கு ஒருநாள் ஏறினா நாளைக்கும் ஏறச் சொல்லுவாவ" என்றார் இன்னொருவர்.

ஒருவரையொருவர் முன்னே தள்ளி, மரியாதை கொடுத்து, பெரியவர்களுக்கு வழிவிட்டு, அவர்கள் சிறியவர்களுக்கு வழிவிட்டு முடிப்பதற்குள் ஒரு நிமிடம் தீர்ந்துவிட்டது. வண்டி நகர்ந்தது. நாங்கள் பழக்கதோஷத்தில் கைதட்டினோம். அதிகாரி நோட்டை எடுத்து ஒரே ஒரு எண்ணை எழுதிவிட்டுத் தன் ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

சரி, நேரமாகிறது என்று முந்நூறு பேரும் பைக்கைக் கிளப்பினோம். அரைக் கிலோமீட்டர் போவதற்குள் ரயில்வே கேட் அடைத்துக் கிடந்தது. அடுத்த சிக்னல் கிடைக்காமல் எங்கள் ரயில் கேட்டின் குறுக்கே நின்றுகொண்டிருந்தது. பின்னால் வரிசை கட்டிவிட்டது. ஆரன் சத்தம் காதைப் பிளந்தது.

"பாத்தீரா வே அநியாயத்த?" என்று அண்ணாச்சி ஹெல்மெட்டைக் கழற்றினார். "இந்த ரயிலால தெனமும் எத்தன பேருக்கு வேல கெடுது! இங்கன ஒரு மேம்பாலம் கட்டுனா என்ன?"

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் பைக் பெட்டியிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்து, பெட்ரோல் டாங்கின் மேல் வைத்து, 'பொருள்: மேம்பாலம் வேண்டி' என்று எழுதினேன். முதல் கையெழுத்து அண்ணாச்சி. இரண்டாவது நான். மூன்றாவதாக, ஜீப்பிலிருந்து இறங்கி வந்து பேனாவை வாங்கியவர் அந்த அதிகாரி. அவருக்கும் பத்து மணிக்கு ஆபீஸில் கூட்டமாம்.

எங்களுக்கு நேர் எதிரே பொதுப்பெட்டி. சாரம்மாள் அக்கா வாசல் கம்பியைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இங்கன அஞ்சு நிமிசமா நிக்கு. இப்பமாவது யாராவது ஏறுதியளா?"

"அந்த அம்மா என்னமோ சொல்லுதாவளே, என்ன வே?" என்றார் அண்ணாச்சி.

ஆரன் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு, தாளை அடுத்த பைக்குக்கு நீட்டினேன். எனக்கு நன்றாகவே கேட்டிருந்தது.