ஆர்மீனிய ஒயினுக்குப் பெண் பார்த்தவர்

துபாயில் எட்டு வழிச் சாலையைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிடலாம். எங்கள் கராமா ஃபிளாட்டில் ‘பொருத்தம்’ அண்ணன் சம்மதிக்காமல் இட்லியைச் சட்னியில் தொட முடியாது.

தூத்துக்குடிக்காரர். பகலில் கட்டடக் கம்பெனியில் வரைபடம் போடுவார். ரூமுக்கு வந்தால் சாப்பாட்டுக்கு ஜாதகம் பார்ப்பார். உப்புமாவில் நான் கெட்சப் ஊற்றிய அன்று தட்டையே தூக்கிக்கொண்டு போய்விட்டார். அரபு ரொட்டியான குபூஸை வத்தக்குழம்பில் தொட்டதற்காகச் சிவா அண்ணையோடு ஒரு வாரம் பேசவில்லை. யாழ்ப்பாணத்துச் சிவா அண்ணைதான் எங்கள் மூவரில் ஒழுங்காகச் சமைக்கத் தெரிந்தவர். அவருக்கே அந்தக் கதி.

ஊரெல்லாம் கிரேன் முளைத்துக்கொண்டிருந்த வருஷம் அது. பொருத்தம் அண்ணனின் கம்பெனியில் வேலை பார்த்த வார்தான் என்ற ஆர்மீனியர் லீவு முடிந்து வரும்போது ஒரு பாட்டில் வெள்ளை ஒயின் கொண்டுவந்து கொடுத்தார். துளியும் இனிப்பில்லாத ‘ட்ரை’ ரகம். வெள்ளிக்கிழமை மதியம் நானும் வருகிறேன், இதற்கேற்ற சாப்பாட்டை நீயே முடிவு செய் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதில் ஒரு சிக்கல். அண்ணன் வாழ்நாளில் ஒயினைத் தொட்டதில்லை. விருந்தாளி வருமுன் பாட்டிலைத் திறப்பதும் மரியாதையில்லை. அதனாலென்ன, கல்யாணமே ஆகாத தரகர்கள் ஊரில் இல்லையா? வார்தானுக்கு போன் போட்டு, திராட்சை எந்த மலையில் விளைந்தது, வெயில் எப்படி, மண் எப்படி, அங்கே எதோடு குடிப்பார்கள் என்று குடைந்தெடுத்தார். ஆற்று மீன், பச்சை இலைகள், வெள்ளைச் சீஸ் என்று பதில் வந்தது.

“ஏல, இது முன்கோபி மாப்பிள்ளை. மலையில பொறந்து புளிப்பா வளந்துருக்கு. சாந்தமான பொண்ணாத்தான் பாக்கணும்” என்றார்.

நான் வைக்கும் மீன் குழம்பு முதல் சுற்றிலேயே அவுட். காரமும் புளியும் சேர்ந்த ராட்சசியாம். கடைசியில் சிவா அண்ணையின் தேங்காய்ப்பால் சொதியும் இடியாப்பமும் தேறின. துணைக்கு மிளகாய் போடாமல் பொரித்த வஞ்சிரம், கொத்தமல்லி, சீஸ்.

“சொதிக்கு மாப்பிள்ளை பாக்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்” என்றார் சிவா அண்ணை.

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “இந்தப் பொருத்தம் தப்பாப் போச்சுன்னா, இனி ஒருத்தர் தட்டையும் எட்டிப் பாக்க மாட்டேன்.”

நாங்கள் இருவரும் மனதுக்குள் வேண்டிக்கொண்டது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை வார்தான் வந்தார். சொதியை ஒரு வாய், ஒயினை ஒரு வாய். கண்ணை மூடித் தலையாட்டினார். அண்ணன் சம்பந்தி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் வேண்டுதல் வீண் என்று நினைத்தபோது வார்தான் மூக்கை உறிஞ்சினார். எங்களுக்கென்று அடுக்களையில் மூடி வைத்திருந்த மீன் குழம்பின் வாசனை. அண்ணன் தடுக்கத் தடுக்க, எழுந்துபோய் சட்டியோடு கொண்டுவந்துவிட்டார். வேர்த்தது, கண்ணில் நீர் வழிந்தது, ஒயினைத் தண்ணீராகக் குடித்தார். மறுபடி குழம்பு, மறுபடி ஒயின். சொதி மாலையோடு காத்திருந்த மணப்பெண்ணாக ஆறிப்போனது. இதுதான் சரியான ஜோடி என்று வார்தான் அண்ணனின் முதுகில் தட்டினார்.

அண்ணன் குழம்பை நக்கி, ஒயினை வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சொட்டு நாக்கில் விட்டார். முகம் எட்டுக் கோணலானது. வார்தானின் சந்தோஷத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு பொருத்தமும் இல்ல. லவ் மேரேஜ். நல்லா இருக்கட்டும்” என்று இன்னொரு கரண்டி குழம்பை அவரே ஊற்றினார்.

சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். மறுநாள் வேண்டுமென்றே அவர் எதிரில் உட்கார்ந்து பிரியாணியில் சாம்பாரை ஊற்றிப் பிசைந்தேன். அவர் தன் தட்டை விட்டுத் தலையே தூக்கவில்லை. சிவா அண்ணையும் சாப்பிடாமல் என்னையே பார்த்தார். எனக்கு இரண்டாவது வாய் இறங்கவில்லை. தட்டைப் பொருத்தம் அண்ணன் பக்கம் தள்ளினேன்.

“அண்ணே, ரெண்டு வார்த்தை திட்டிருங்க. சாப்பிடணும்.”