மொட்டைமாடிக் கம்பிகளும் தேசிய அடையாளமும்

ஒரு தேசத்தின் அடையாளத்தின் மீதே நேரடியாக உட்கார்ந்த பெருமை, எனக்குத் தெரிந்து, என் ஒருவனுக்குத்தான் உண்டு.

தேசியக் கட்டடக்கலைக் கண்காட்சிக்காக வல்லுநர் குழு மூன்று வருடம் கூடிக் கூடித் தீர்மானித்த 'நம் இல்லம்' அது. அட்டையில் செய்த மாதிரி. எட்டுத் தூண், ஒரு குவிமாடம். மேஜையில் இடமில்லையென்று யாரோ என் நாற்காலியில் வைத்துவிட்டார்கள்.

நான் கொஞ்சம் குள்ளம். மேஜை எட்டுவதற்காக, எங்கள் அலுவலகத்துக்கு வரும் கட்டட அனுமதி மனுக்களை நாற்காலியில் அடுக்கி, மேலே துண்டு விரித்து உட்காருவேன். மக்களால் உயர்ந்தவன் என்று தாராளமாகச் சொல்லலாம். அன்றும் பழக்க தோஷத்தில் பார்க்காமல் உட்கார்ந்தேன். குவிமாடம் மளுக்கென்றது.

மறுநாள் காலை திறப்பு விழா. சுவர் பூச வந்திருந்த கொத்தனார்தான் நாற்காலியிலிருந்து அட்டைத் துண்டுகளைப் பொறுக்கினார்.

"அண்ணே, எப்படியாவது ஒரு வீடு செஞ்சு குடுங்க. எந்த வீடானாலும் சரி."

"எனக்குத் தெரிஞ்சது எங்க வீடுதான் சார், செஞ்சிடலாம். ஆனா, நம்ம மாடி ரூம் மனு என்னாச்சு? ஆறு வருஷமாச்சு. மக கைக்குழந்தையோட வந்திருக்கா. ஒரே ரூம்ல ஏழு பேர் படுக்கிறோம்."

"முதல்ல தேசம், அப்புறம் ரூம்" என்றேன். கல்வெட்டில் பொறிக்கத் தக்க வாசகம்.

காலையில் குழு வந்தது. மேஜையில் கொத்தனார் செய்த மாதிரி: ஒற்றை அறை, தகரக் கதவு, மொட்டைமாடியில் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும் நாலு கம்பி. வேலை போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். நல்லவேளை, மூன்று வருடக் கூட்டங்களில் மாதிரியைப் பார்க்க அவர்களுக்கு நேரமே கிடைத்ததில்லை.

"அந்தக் கம்பிகள்!" தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் சொன்னதுதானே அது?"

"விண்ணை எட்டும் வேட்கை" என்றார் ஓர் உறுப்பினர்.

"முற்றுப்பெறாமையே நம் மரபு" என்றார் இன்னொருவர்.

"அதையும் குறிப்புல சேத்துக்குங்க" என்றார் தலைவர்.

வீட்டுக்கு முதல் பரிசு. எனக்குப் பாராட்டுக் கடிதம்.

கூட்டம் கலைந்ததும் கொத்தனாரைத் தனியே கூப்பிட்டேன். "நிஜமா அந்தக் கம்பி எதுக்குண்ணே?"

"மேல ரூம் எழுப்ப விட்டது சார். அனுமதி வரல. அப்படியே நிக்குது."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "உங்க மனு எங்கதான் போய்த் தொலைஞ்சுது? இன்னிக்கே தேடிப் பிடிக்கிறேன்."

"தேட வேணாம் சார். நேத்து அட்டை பொறுக்கும்போது பார்த்தேன். துண்டுக்கு அடியில, மேலேர்ந்து மூணாவது."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"சொல்ல வாயெடுத்தேன் சார். அதுக்குள்ள நீங்க மறுபடியும் உக்காந்துட்டீங்க."