மேற்குக் கதவைப் பற்றிக் கெர்னல் சொன்னது

ஒரு காட்டில் சூரப்பன் என்ற முள்ளம்பன்றி கம்ப்யூட்டர் வேலை பார்த்து வந்தான். கதை சொல்லும் நானும் முள்ளம்பன்றிதான். அதனால் எங்கள் இனத்தைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வேலையில் யாராவது குறை சொன்னால் உடனே முள் சிலிர்த்துக்கொள்ளும். மூளை வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும்.

அந்தக் காட்டில் ஒரே ஒரு குட்டைதான். மான்களும் அங்கேதான் தண்ணீர் குடிக்க வேண்டும், புலியும் அங்கேதான் குடிக்க வேண்டும். அதனால் சுற்றிலும் வேலி போட்டு, மான்களுக்குக் கிழக்கே ஒரு கதவு, புலிக்கு மேற்கே ஒரு கதவு என்று வைத்திருந்தார்கள். ஒன்று திறந்தால் மற்றது மூடியிருக்க வேண்டும். கதவுகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கம்ப்யூட்டர். அதற்குள்ளே அடியில் உட்கார்ந்து எல்லா வேலையையும் மேய்க்கிற நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். அதைச் சூரப்பன் எழுதியிருந்தான்.

அவனுடைய கெர்னல் வாயே திறக்காது. என்ன செய்தது, எது தடுக்கியது என்று லாக் என்கிற பதிவை ஒரு வரிகூட எழுதாது. "நல்ல கெர்னல் பேசாது, வேலை பார்க்கும்" என்று சூரப்பன் பெருமையாகச் சொல்லிக்கொள்வான். எங்களுக்கும் அது பெரிய தத்துவமாகத் தெரிந்தது. லாக் எழுத அவனுக்குச் சோம்பல் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. நாங்களும் சோம்பல்தான்.

ஒரு மத்தியானம் கிழக்குக் கதவு திறந்து மான்கள் உள்ளே போயின. மேற்குக் கதவும் திறந்தே கிடந்தது. மருதன் என்ற கலைமானைப் புலி அடித்துவிட்டது.

விசாரணைக்குக் கூப்பிட்டபோது புலி அமைதியாகச் சொன்னது: "கதவு திறந்திருந்தது. போனேன். பசியும் இருந்தது. நான் விதியை மீறினேன் என்று எங்காவது பதிவு இருந்தால் காட்டுங்கள்."

பதிவு எங்கேயும் இல்லை.

மறுநாள் மருதனின் மனைவி பூவாத்தாள் சூரப்பனைத் தேடி வந்தாள். அழவில்லை.

"ஏனுங்க, அந்தக் கதவு எதுக்குத் தொறந்து கெடந்துச்சு?"

சூரப்பனுக்கு முள் சிலிர்த்தது. "தெரியலீங்க அம்மணி. கெர்னல் ஒண்ணும் சொல்லல."

"நீங்கதானுங்களே எழுதுனது?"

"நான்தான். பேசற மாதிரி எழுதல."

அவள் திரும்பிப் போய்விட்டாள். சூரப்பனின் முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன.

காட்டுக் கமிட்டி கூடியது. தலைவர் கருவாயன் ஒரு காட்டெருமை. மேசையில் முட்டினால் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். "இனிமேல் எல்லாத்தையும் எழுதணும்ப்பா. ஒண்ணு விடாம!" என்று முட்டினார்.

சூரப்பன் அப்படியே எழுத வைத்தான். கெர்னல் ஊமையாக இருந்ததற்கெல்லாம் சேர்த்துப் பேச ஆரம்பித்தது. 'வேலியில் காக்கா உட்கார்ந்தது. காக்கா பறந்தது. கதவைத் திறக்க யோசிக்கிறேன். யோசித்துவிட்டேன். யோசித்ததை எழுதிவிட்டேன்.' எழுதி முடித்த பிறகுதான் கதவைத் திறந்தது. மான்கள் வெயிலில் வரிசையில் நின்றன. முன்னால் நின்றவனுக்கு நாக்கு வறண்டது, பின்னால் நின்றவனுக்குக் குட்டையே தெரியவில்லை.

லாக்கைப் படிக்கச் செங்கமலம் என்ற தேவாங்கை வேலைக்கு வைத்தார்கள். கண் பெரிதாக இருக்கிறது, நிறையப் படிப்பாள் என்று கமிட்டி நினைத்தது. செங்கமலம் ஒரு வரியைப் படிப்பாள், கண்ணை மூடுவாள், திறந்து அதே வரியை இன்னொரு தடவை படிப்பாள்.

தாகம் தாங்காமல் மான்கள் சத்தம் போட்டதும் கமிட்டி மறுபடி கூடியது. அவசரம், எச்சரிக்கை, தகவல், சும்மா என்று பேச்சைத் தரம் பிரிக்கலாம் என்றான் சூரப்பன். சும்மா என்பதை நிறுத்திவிட்டால் கதவு சீக்கிரம் திறக்கும். எல்லோரும் சரி என்றார்கள். ஆனால் எது சும்மா என்று கேட்டபோது யாருடைய விஷயமும் சும்மா இல்லை. முயல் தன் காது அசைந்தாலே அவசரம் என்றது. "நான் வேலி மேல உக்காந்தா தகவலா, எச்சரிக்கையா?" என்று குரங்கு கேட்டது. அதற்கே பொழுது போய்விட்டது.

கடைசியில் பட்டியலைச் சூரப்பனே போடட்டும் என்று விட்டுவிட்டார்கள். எங்கள் இனத்துக்கு நாங்கள் எழுதிய எதுவும் தவறாகப் போகும் என்று தோன்றாது. எனவே அவனும் கொஞ்சமும் தயங்காமல் முக்கால்வாசியைச் சும்மா என்று குறித்தான்.

அவற்றை நிறுத்தப்போகும் நேரத்தில் செங்கமலம் மெல்ல நடந்து வந்தாள்.

"தம்பி, சும்மாவுல ஒரு வரி அடிக்கடி வருது. படிக்கட்டுமா?"

"படிங்கக்கா."

"'மேற்குக் கதவின் தாழ்ப்பாளைக் கேட்டேன். பதில் இல்லை. மூடியிருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.'"

சூரப்பன் எழுந்து ஓடினான். மேற்குக் கதவின் தாழ்ப்பாளுக்குள் எறும்புகள் புற்று கட்டியிருந்தன. தாழ்ப்பாள் நகரவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. பதில் வராவிட்டால் மூடியிருப்பதாக வைத்துக்கொள் என்று கெர்னலுக்குச் சொல்லிக் கொடுத்தவன் சூரப்பன்தான்.

அவன் நேராகப் பூவாத்தாளிடம் போய் இதைச் சொன்னான். முள் சிலிர்க்கவில்லை.

அவள் கேட்டுக்கொண்டாள். "அன்னிக்கும் அதைக் கேட்டுருக்குமுங்களா?"

"கேட்டிருக்கும். பதில் வரலைன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்ல நான் விடல."

"காக்கா கதையெல்லாம் யாருங்க கேட்டா? அந்த ஒரு வரியச் சொல்லியிருந்தாப் போதுமே" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

அந்த ஒரு வரியை அவசரம் என்று மாற்ற வேண்டும் என்று சூரப்பன் கமிட்டியிடம் கேட்டான். கருவாயன் வரியை ஒருமுறை படித்துவிட்டு வாலை ஆட்டினார்.

"ஏப்பா, இது அவசரம்னு வந்தா யார் போய்ப் பார்க்கறது?"

"கமிட்டிதாங்க."

"போய்ப் பார்க்காம விட்டா?"

"பார்க்கலைன்னு லாக்கில் இருக்குமுங்க."

கருவாயன் வாலை ஆட்டுவதை நிறுத்தினார். எல்லோரும் ஒரே மனதாக முடிவெடுத்தார்கள். லாக் நிறுத்தப்படும். காட்டு மக்களின் நிம்மதிக்காகத் தினமும் காலையில் 'எல்லாம் சரி' என்று மட்டும் கெர்னல் எழுதும். கருவாயன் முட்டினார்.

சூரப்பன் எதிர்த்துப் பேசினான். எங்கள் இனம் எதிர்த்துப் பேசும் விதம் தெரியுமல்லவா? "எனக்குச் சின்ன சந்தேகம், பரவாயில்லை" என்றான். பிறகு போய் 'எல்லாம் சரி' என்பதை எழுத்துப் பிழை இல்லாமல் தட்டச்சு செய்தான்.

ஆனால் அன்றிலிருந்து மான்கள் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் அவன் வீட்டில் இருப்பதில்லை. மேற்குக் கதவுக்குப் போய்க் குச்சியால் எறும்பைத் தள்ளி, தாழ்ப்பாளைக் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு, "மூடியிருக்கு!" என்று கத்துகிறான். கிழக்கே பூவாத்தாள் காதை நிமிர்த்தி நிற்பாள். அந்தக் குரல் கேட்ட பிறகுதான் தன் குட்டிகளை உள்ளே விடுவாள். சூரப்பனுக்குச் சளி பிடித்த நாளில் குரல் எழும்பவில்லை. மான்கள் தாகத்தோடு திரும்பிப் போயின.

லாக்கை நிறுத்திய பிறகு ஒரு பிழைகூடப் பதிவாகவில்லை என்பதற்காகக் கமிட்டி கருவாயனுக்கு மாலை போட்டது. சூரப்பன் விழாவுக்கு வரவில்லை. அது மான்கள் குடிக்கும் நேரம்.

நீதி: பிழையை எழுதாமல் விட்டால் காட்டில் பிழையே இருக்காது. கதவருகே உட்கார்ந்து கத்த மட்டும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள் இல்லை என்பதைக் கமிட்டி கலையும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள்.