கணேசன் அங்கிளை விண்ணுலகம் அனுப்பிய கதை

தனக்கு அழகு தமிழ் வரும் என்று நினைப்பவர்களை விளம்பரம் எழுத விடக்கூடாது. என்னை விட்டார்கள். உயிரோடு இருந்த ஒரு மனிதர் செத்துப்போனார்.

லாபிஸைத் தாண்டி ஒரு சின்னப் பட்டணத்தில், வாசகர் மன்றம் ஒன்று நடத்திய நூலகத்தில் அப்போது எனக்கு வேலை. தமிழ் அறிவியல் புனைகதைகளுக்கென்று தனி அலமாரி வைத்திருந்தேன். (வைத்தது நான், தூசி தட்டியது நான், படித்தது கணேசன் அங்கிள் மட்டும்.) ஆண்டு முடிவதற்குள் வாசகர்கள் சேராவிட்டால் அதை எடுத்துவிட்டுச் சமையல் புத்தகங்களை அடுக்கப்போவதாக மன்றத் தலைவர் சொல்லிவிட்டார்.

அங்கிள் தோட்டத்துச் செம்பனைக் குலைகளை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்ந்தவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதால் வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் படுக்கைதான்.

"அந்த மிசின் பக்கத்துல படுத்துக் கெடக்குறது கொடுமைமா. பொஸ்தகத்த தொறந்தா செவ்வாய்க்குப் போய்ட்டு வந்துருவேன்லா. அலமாரிய எடுத்துட்டா சொவத்ததான் பாத்துக்கிட்டுக் கெடக்கணும்" என்றார்.

அதைக் கேட்டபின் சும்மா இருக்க முடியவில்லை. சனிக்கிழமை நூலகத்துக்கு வந்து, படித்த கதைகளைச் சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டு விளம்பரம் எழுத உட்கார்ந்தேன். 'விண்வெளி' என்றால் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருந்தது. 'விண்ணுலகம்' என்றால் என்ன கம்பீரம்!

'விண்ணுலகப் பயணம். திரு. கணேசன். சனிக்கிழமை காலை, நூலகத்தில். உற்றார் உறவினர், நண்பர்கள் அனைவரும் வருக.'

நடுவில் அங்கிளின் படம். வண்ண மை தீர்ந்திருந்ததால் கறுப்பு வெள்ளை. ஆகாயம் போல இருக்கட்டும் என்று சுற்றிலும் கறுப்புக் கட்டம். (மாலை ஒன்றுதான் பாக்கி.) வாசல் பலகையில் ஒட்டி, தள்ளி நின்று பார்த்து, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். மத்தியானத்துக்குள் எனக்கே 'ஆழ்ந்த இரங்கல்' வந்தது. இறந்தவரை ஏன் நூலகத்தில் வைக்கிறார்கள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அவ்வளவு படித்த மனுசன், கடைசி ஆசையாக இருக்கும் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

பதறியடித்து அங்கிள் வீட்டுக்கு ஓடினேன். அவரும் ஆன்ட்டியும் டயாலிசிஸுக்குப் போயிருந்தார்கள். உடலை வாங்கப் போயிருப்பதாக நினைத்து, பூட்டிய வீட்டின் முன் ஊர் அழுதுகொண்டிருந்தது. கூடாரம் வாடகைக்கு விடும் முத்து, யாரும் கூப்பிடாமலே வந்து கூடாரம் போட்டிருந்தார்.

"என் கூட்டாளிக்கு இதுகூடச் செய்யலன்னா எப்படிமா?"

"அண்ணே, அது விளம்பரம்ணே" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வேன் வந்து நின்றது. அங்கிள் இறங்கினார்.

"அலமாக்! யாருலா செத்தா?"

முத்து கையிலிருந்த நாற்காலியைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார். விஷயம் தெரிந்ததும் ஆன்ட்டி என்னைப் பார்த்த பார்வையில், போட்ட கூடாரம் வீணாகாது என்றுதான் தோன்றியது.

அங்கிள் மட்டும் விளம்பரத்தை நிதானமாகப் பார்த்தார். "போட்டோ நல்லா வந்திருக்கே. நெஜமா போறப்பவும் இதையே போடுங்க" என்றார். பிறகு, வந்த கூட்டத்தை வீணாக்குவானேன் என்று, கையில் ஊசிக் கட்டோடு கூடாரத்தின் நடுவில் உட்கார்ந்து செவ்வாய்க் கதையை ஆரம்பித்தார். அழ வந்தவர்கள் "அப்புறம்?" என்று கேட்டார்கள். அடுத்த வாரம் அலமாரி பாதி காலி. முத்துகூட ஒரு புத்தகம் எடுத்துப் போனார்.

அலமாரி பிழைத்தது. அங்கிள் பிழைக்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு முன்பே, டயாலிசிஸ் படுக்கையில், நெஞ்சின்மேல் புத்தகம் விரிந்தபடி போய்விட்டார். அவர் சொன்னபடியே அதே படத்தைப் போட்டு ஆன்ட்டி வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். ஊரிலிருந்து பதிலுக்குச் சிரிக்கும் பொம்மைகள் வந்தன.

"மறுபடியும் கதையா? இந்தத் தடவ நான் ஏமாற மாட்டேன்லா" என்றார் முத்து. ஆன்ட்டி போனில் கதறிய பிறகுதான் கூடாரம் வந்தது. அதுவரை அந்த வாசலில் வெயிலில் நின்றது நானும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான். துக்கத்தைவிட வெட்கம்தான் என்னைத் தின்றது.

இன்றும் காலையில் நாளிதழின் இரங்கல் பக்கத்தை விரித்ததும் என் அம்மா, "இது நெஜமா, இல்ல உன் வேலையா?" என்று கேட்பார். வீடே சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன்.

அங்கிள் போன செய்தி வந்த அன்றும் அம்மா அதைத்தான் கேட்டார். 'என் வேலைதான்மா' என்று சொல்ல முடிந்தால் போதும் என்று இருந்தது.