நரிக்குட்டி வீடு திரும்பிய பதிப்பு

மொன்றியல் தீவில் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட தமிழர்களில் பாதிப் பேருக்கு, பிரேக் எந்தக் காலில் என்பதற்கு முன்னால் ஒரு ஜப்பான் நரிக்குட்டியின் பதிப்பு வரலாறு தெரியும். காரணம், பிழை அண்ணை.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் அவர் டிரைவிங் மாஸ்டர். சொந்தப் பெயர் ஏதோ இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. ஸ்டியரிங்கைத் தப்பாகத் திருப்பினால் "பிழை!" என்பார். நரிக்குட்டியைப் பற்றித் தப்பாகச் சொன்னால் அதே "பிழை!" இரண்டு மடங்கு சத்தத்தில் வரும்.

நரிக்குட்டி யார் என்று சொல்லிவிடுகிறேன். 'குடைநரி' என்பது ஒரு பழைய ஜப்பானியச் சிறுவர் காமிக்ஸ். குட்டி நரி ஒன்று குடையும் கையுமாக ரயில் நிலையம் நிலையமாகத் திரியும். முதலில் சிறுவர் மாத இதழில் தொடராக வந்தது. இதழ் படுத்ததும் ஒரே தொகுதியாக அச்சானது. அப்புறம் கார்ட்டூன் ஆனது. கார்ட்டூன் பிரெஞ்சு கற்றுக்கொண்டு கியூபெக் டீவிக்கு வந்து சேர்ந்தது. டீவியில் அதற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. வாரத்துக்கு ஒரு ஸ்டேஷன், அவ்வளவுதான். முடிவு தெரிய வேண்டுமென்றால் புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் நான், மேற்படிப்புக்குத் திருச்சியிலிருந்து வந்த முதல் குளிர்காலத்தில், ஹீட்டரோடு ஒட்டி உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன். எங்கள் நூலகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை பழைய காமிக்ஸ் மாலை நடக்கும். பேச்சாளர் ஒரே ஒருவர். அந்த மேடை எனக்கு வேண்டும் என்று நூலகர் ஜெனவியேவிடம் போய் நின்றேன்.

"அடடா, மெஸ்யூ பிழை பேசுகிறாரே!" என்றார் அவர். 'பிழை' என்பது அவருடைய குடும்பப் பெயர் என்றே நினைத்திருந்தார்.

வெளியே மூக்கு உறையும் குளிர். எனக்கோ வயிறு எரிந்தது. நான் ராத்திரி பகலாகப் படித்தவன். அந்த மனிதர் கியர் மாற்றுகிறவர்! எதிரியின் பலம் தெரியவேண்டுமே என்று அவரிடமே டிரைவிங் சேர்ந்தேன்.

"சிவப்பு, தம்பி. நிப்பாட்டும். தீவுக்குள்ள சிவப்பில வலப்பக்கம் திரும்பப்படாது."

"சரிண்ணா. அந்தக் குடைநரி கடைசில கப்பலேறிப் போயிடும்ல?"

"பிழை!"

நின்றிருந்த வண்டியில் இன்னொரு முறை பிரேக்கை மிதித்தேன்.

"ஆர் சொன்னது? கடைசியில குட்டி வீட்டை வந்திட்டுது. தாயிட்டைக் குடையைத் திருப்பிக் குடுத்திட்டுது. நான் கண்ணால பாத்தனான்."

"நெட்ல எல்லா எடத்துலயும் கப்பல்னுதான்ணா போட்டிருக்கு."

"நெட்டோ? நெட் எனக்குப் பிறகு பிறந்தது. பச்சை விழுந்திட்டுது, எடும்."

அன்றைக்கே டோனட் கடை பார்க்கிங்கில் ஆதாரத்தை எடுத்துக் காட்டினார். சின்ன வயதில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் நடந்த பழைய சாமான் பஸாரில் வாங்கிய ஜப்பானியத் தொகுதி. பிரித்தார். அப்போதுதான் பார்த்தேன். இடப்பக்கத்திலிருந்து பிரித்தார்!

ஜப்பானியப் புத்தகத்தை வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். மனிதர் தமிழ்ப் புத்தகம் மாதிரி படித்திருக்கிறார். கடைசிப் பக்கம் அவருக்கு முதல் பக்கம். கப்பலேறிப் போகும் குட்டி அவருக்குக் கப்பலிலிருந்து வந்து இறங்குகிறது. முதல் படத்தில் வாசலில் தாயும் குட்டியும் ஒரே குடையைப் பிடித்தபடி நிற்பார்கள்; தாய் கொடுத்து அனுப்புகிறாள். அண்ணையின் கணக்கில் அதுவே கடைசிப் படம். குட்டி திருப்பிக் கொடுக்கிறது.

ஓட்டு எண்ணி முடிவதற்குள் ஜெயித்துவிட்ட வேட்பாளர் மாதிரி இருந்தது எனக்கு. வாயைத் திறக்கவில்லை. மேடையில் வைத்துத் திறக்கலாமென்று சேமித்து வைத்தேன்.

காமிக்ஸ் மாலைக்கு நூலகம் நிரம்பி வழிந்தது. அவரிடம் லைசென்ஸ் எடுத்தவர்கள், எடுக்காமல் தோற்றவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். யாரோ தட்டுத் தட்டாக மட்டன் ரோல்ஸ் வேறு கொண்டுவந்திருந்தார்கள். நான் பேசியிருந்தால் ஒரு பிஸ்கட் வந்திருக்குமா?

கேள்வி நேரம் வந்தது. எழுந்தேன்.

"அண்ணா, ஜப்பான் புக்கை எந்தப் பக்கத்துலேர்ந்து படிக்கணும்?"

கூட்டத்தில் பாதிப் பேருக்குத்தான் தமிழ் புரியும். அண்ணையே என் கேள்வியை அழகான பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். அதில் என் கேள்வி இன்னும் கூர்மையாக இருந்தது. பிறகு நிதானமாகப் பதில் சொன்னார்.

"வலப்பக்கத்தால. என்னட்டைப் பழகின ஒரு ஜப்பான் பிள்ளை எப்பவோ சொன்னது."

"தெரியுமா? அப்போ நீங்க சொல்ற முடிவு?"

"அது என்ர பதிப்பு, தம்பி. மாத இதழ்க்காரன் ஒண்டு போட்டான். டீவிக்காரன் ஒண்டு போட்டான். பிரெஞ்சுக்காரன் ஒண்டு போட்டான். நான் மட்டும் போடப்படாதோ?"

கூரை அதிரச் சிரித்தார்கள். அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. புத்தகத்தை விரித்து அந்தக் குடைப் படத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"எட்டு வயசில சித்தப்பாவோட இஞ்சை வந்தனான். அம்மா அங்கை ஊரில. நீர் சொல்லுற பக்கத்தால வாசிச்சால் குட்டி வீட்டை விட்டு வெளிக்கிடுது. வெளிக்கிட்ட கதை எனக்குத் தெரியும்தானே. அதைத் திரும்பவும் ஏன் வாசிக்கோணும்?"

இதையும் பிரெஞ்சில் சொன்னார். ஜெனவியேவ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நியாயப்படி விவாதத்தில் ஜெயித்தது நான். கைதட்டல் முழுக்க அவருக்கு. ஆத்திரத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது, அது தணிவதற்குள் அவர் மைக்கில், "தம்பி நல்ல கேள்வி கேட்டவர். காரைப் பின்னுக்கு எடுத்து நிப்பாட்டத்தான் வராது," என்று சொல்லி, ஒரு ரோல்ஸையும் என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

போன வருஷம், மொன்றியல் தமிழர்கள் பலரும் கடைசியில் செய்வதையே அவரும் செய்தார்: டொரொண்டோவுக்குக் குடிபோனார். மேடை எனக்கு வந்தது. தொடர், தொகுதி, கார்ட்டூன், பிரெஞ்சு என்று பதிப்பு வரலாற்றை வரிசை பிசகாமல் சொன்னேன். கேள்வி கேட்க ஒருவரும் எழவில்லை. ஜெனவியேவ் நன்றி சொல்ல வந்தார். "இன்னும் ஒரு பதிப்பு பாக்கி இருக்கு," என்று அவரை உட்காரச் சொல்லிவிட்டு, நான் தேடி வாங்கியிருந்த ஜப்பானியத் தொகுதியை இடப்பக்கத்திலிருந்து பிரித்து, குட்டியைப் பத்திரமாக அதன் அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதான் மைக்கைக் கீழே வைத்தேன்.