அரையிஞ்சு அண்ணனும் நாலு ஊர் மிருகங்களும்

பொய்யே சொல்லாத மனிதர் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். திருப்பூரில்தான். எங்கள் கம்பெனியில்தான் வேலை பார்த்தார். நாங்கள்தான் அவரை வெளியே அனுப்பினோம்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. பெருமாநல்லூர் ரோட்டில் இருந்த அந்த பனியன் கம்பெனியில், வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் அரையிஞ்சு அண்ணன். தைத்து முடித்த டி-ஷர்ட்டுகளை அளந்து, போகும், போகாது என்று சொல்வது அவர் வேலை. அரை இஞ்சு கூடினாலும் குறைந்தாலும் அது அவர் மேஜையைத் தாண்டாது. டெய்லர்கள் கெஞ்சுவார்கள். சூப்பர்வைசர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். "அரை இஞ்சுங்க" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. அத்தனை மரியாதையாக ஒருவன் வயிற்றில் அடிக்க அவரால் மட்டும்தான் முடியும்.

கழுத்தில் எந்நேரமும் ஒரு மஞ்சள் டேப் தொங்கும். மெஸ்ஸில் ஒரு நாள் நெய் ரோஸ்ட்டை அளந்துவிட்டு, போன வாரத்துக்கு இது ஒண்ணேகால் இஞ்சு குறைச்சல் என்று மாஸ்டரிடம் போய்ச் சொன்னார். இனிமேல் இந்த ஆளுக்கு இட்லிதான் என்று மெஸ்காரர் முடிவெடுத்தார். மறுநாள் அண்ணன் இட்லியை அளந்தார்.

கல்யாணம் ஆகாததற்கும் அந்த டேப்தான் காரணம். வெள்ளகோவில் பக்கம் பெண் பார்க்கப் போயிருக்கிறார்கள். பெண் அஞ்சடி நாலு இஞ்சு என்று தரகர் சொல்லியிருந்தார். பெண் காபி கொடுத்துவிட்டு உள்ளே போனதும், அஞ்சடி மூணுதான் இருக்கும் என்று இவர் சபையில் சொல்லிவிட்டார். பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். குறையாகச் சொல்லவில்லை, அளவைத்தான் சொன்னேன் என்று இவர் விளக்கம் கொடுத்தார். அதற்குப் பிறகு எந்தத் தரகரும் அவர் வாசலை மிதிக்கவில்லை. நான் பார்த்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தனி ஆள்.

இந்த மனிதருக்கு இருந்த ஒரே ஆசை மிருகக்காட்சி சாலை. கிறிஸ்துமஸ் சரக்கெல்லாம் கப்பலேறிய பிறகு, மார்கழியில் கம்பெனியில் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். மற்றவர்கள் பழனிக்கும் சபரிமலைக்கும் கிளம்புவார்கள். இவர் ஒரு ரெக்சின் பையைத் தூக்கிக்கொண்டு, ஏதாவது ஒரு ஊர் மிருகங்களைப் பார்க்கக் கிளம்புவார். எந்த ஊரில் எந்தக் கிழமை விடுமுறை என்பது அவருக்கு மனப்பாடம். "நம்மளும் கூண்டுக்குள்ளதானே இருக்கோம், இதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்" என்று ஒருமுறை அயர்ன் மாஸ்டர் தத்துவம் பேசினார். "கூண்டுல இருக்கறதுக்கு நேரத்துக்குச் சோறு தேடி வருதுங்க. உங்களுக்கு வருதுங்களா?" என்று அண்ணன் கேட்டார். அயர்ன் மாஸ்டர் அதோடு தத்துவத்தை விட்டுவிட்டார்.

2008 டிசம்பர். வெளிநாட்டுக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக ஆர்டரை ரத்து செய்துகொண்டிருந்த நேரம். எந்தக் கம்பெனிக்கு என்றைக்குப் பூட்டு என்பதுதான் டீக்கடைப் பேச்சு. எங்களிடம் ஒரே ஒரு பெரிய ஆர்டர் மிச்சம் இருந்தது, குழந்தைகளுக்கான கோடு போட்ட டி-ஷர்ட். அதற்கு நான் மெர்ச்சண்டைசர். அதாவது, வாங்குகிறவனுக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவன்.

மொத்தச் சரக்கையும் தைத்து முடித்த பிறகு அண்ணன் ஒன்றை எடுத்துத் துவைத்து, காயவைத்து, அளந்தார். நீளத்தில் ஒன்றரை இஞ்சு சுருங்கியிருந்தது. இன்னும் பத்தைத் துவைத்தார். பத்தும் சுருங்கின. இது போகாது, அத்தனையையும் ஒதுக்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வாங்குகிறவர்களின் ஆள் செவ்வாய்க்கிழமை சரக்கைப் பார்க்க வருகிறார். அவர் துவைத்துப் பார்க்கமாட்டார். துவைத்துப் பார்த்ததாக நாம் கொடுக்கும் ரிப்போர்ட்டைத்தான் பார்ப்பார். ஆனால் அரையிஞ்சு அங்கே இருந்தால் கேட்காமலேயே உண்மையைச் சொல்லிவிடுவார். "தம்பி, அவரை ஒரு வாரம் எங்காச்சும் கூட்டிட்டுப் போ. கம்பெனி செலவு. அவருக்குத்தான் மிருகம்னா உசுராச்சே" என்றார்.

பிறகு அந்த ரிப்போர்ட்டை என் முன்னால் நகர்த்தினார். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. அண்ணன் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. சரக்கு போகாவிட்டால் இருநூறு பேருக்கு வேலை இல்லை என்றார். என் மனைவிக்கு அப்போது ஆறு மாதம். இதையெல்லாம் காரணமாகச் சொல்கிறேனே தவிர, பேனாவை எடுக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

கம்பெனி செலவில் நாலு ஊர் மிருகங்களைப் பார்க்கலாம் என்றதும் அண்ணன் அன்றைக்கே ரெக்சின் பையைத் தூசி தட்டினார். முதலாளி தங்கமானவர் என்று செக்யூரிட்டியிடம்கூடச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

முதலில் மைசூர். வெள்ளிக்கிழமை சத்தியமங்கலம் வழியாகப் போனோம். திம்பம் மலையில் எலும்பைத் துளைக்கும் குளிர். அண்ணன் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தார். இருபத்தேழு என்று போர்டில் போட்டிருந்தது. எண்ணியதும் இருபத்தேழு. அன்று முழுவதும் அரசாங்கத்தின் மேல் அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

ஒரு நாளைக்கு ஐந்து மிருகம்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் சட்டம். அதற்கு மேல் பார்த்தால் ஒன்றையும் பார்க்கவில்லை என்று அர்த்தமாம். அந்தச் சட்டப்படி, தூங்குகிற முள்ளம்பன்றி ஒன்றின் முன்னால் நான் ஒரு மணி நேரம் நின்றேன். அது ஒருமுறைகூடத் திரும்பிப் படுக்கவில்லை. மனசில் ஒரு திருட்டை வைத்துக்கொண்டு முள்ளம்பன்றியைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்பதை நான் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஒட்டகச்சிவிங்கி இருந்த இடத்தில் தகராறு. சுற்றுலா வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், இது இருபத்தைந்து அடி உயரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனால் தாங்க முடியவில்லை. வாத்தியாரை வெயிலில் நிறுத்தி, அவர் உயரத்தையும் நிழலையும் டேப்பால் அளந்தார். பிறகு ஒட்டகச்சிவிங்கியின் நிழல் வேலிக்கு வெளியே விழுகிற நேரத்துக்காகக் காத்திருந்து, காலடியால் அளந்து, மண்ணில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். பதினாறரை வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். வாத்தியார், எங்களுடைய கம்பெனி எது என்று என்னிடம் விசாரித்தார். புகார் எழுதத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர். சின்ன இடம், நல்ல கூட்டம். பாம்பு அசையவில்லை என்று ஒருவர் கண்ணாடியை விரல்களால் தட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் அவர் பக்கத்தில் போய் நின்று, அவர் முதுகை அதே மாதிரி தட்ட ஆரம்பித்தார். நாலைந்து தட்டுக்குப் பிறகு அந்த ஆள் திரும்பி என்ன வேண்டும் என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க, அசையறீங்களான்னு பாத்தேன்" என்றார் அண்ணன். அடிவிழாமல் அவரை இழுத்துக்கொண்டு வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

தினமும் சாயங்காலம் லாட்ஜுக்கு வந்ததும் ஒரு கேள்வி கேட்பார். "அந்த டி-ஷர்ட் லாட்டை ஒதுக்கி வெச்சாச்சா கண்ணு?" வெச்சாச்சுங்ண்ணா என்பேன். தலையாட்டிவிட்டுப் படுத்தவுடன் தூங்கிவிடுவார். பொய் சொல்லாதவருக்குப் பொய்யைக் கண்டுபிடிக்கவும் தெரியவில்லை. அல்லது என்னை அளந்து பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை கேரளத்தில் விடுமுறை. அதைப் பயணத்தில் கழித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை திருச்சூரில் இருந்தோம். பத்து மணியில் இருந்து நீர்யானைக் குளத்தின் முன்னால் நின்றோம். பன்னிரண்டு மணிக்கு முதலாளி போனில் வந்தார். பாஸ் ஆகிவிட்டது, சரக்கு லாரியில் ஏறிக்கொண்டிருக்கிறது என்றார். அவருடைய சிரிப்பு போனுக்கு வெளியே கேட்டுவிடுமோ என்று பயந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். ஊட்டுல ஏதாவது சேதியா, புள்ளத்தாச்சிக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். நம்பாமல், வெளியே போய் எனக்கு எலுமிச்சை சர்பத் வாங்கி வந்தார். நான் குடித்து முடிக்கிற வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, நான் கேட்காமலேயே, ஏன் இங்கெல்லாம் வருகிறேன் தெரியுமா என்று ஆரம்பித்தார்.

"கம்பெனியில காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அத்தனை பேரும் என்கிட்டச் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான் கண்ணு. கொஞ்சம் பாத்து விடுங்கண்ணா. பதினேழு வருசமா இதேதான். இதுக எதுவும் அப்படிக் கேக்கறதில்ல."

நீர்யானை அந்த நேரம் பார்த்து வாயைப் பிளந்தது. நான் கிளாஸைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் கடைப்பக்கம் போய்விட்டேன்.

திருவனந்தபுரத்தில் என்ன பார்த்தோம் என்று எனக்கு நினைவில்லை. அண்ணன் மட்டும் ஒரு கடையில் வெகு நேரம் நின்று, மரத்தில் செதுக்கிய யானை ஒன்றை வாங்கினார். முதலாளிக்கு.

மார்ச்சில் பிரச்னை வந்தது. வெளிநாட்டில் பிள்ளைகள் போட்டுத் துவைத்த டி-ஷர்ட்டெல்லாம் தொப்புளுக்கு மேல் ஏறிவிட்டன. வாங்கியவர்களின் ஆபீஸில் இருந்து ஓர் அதிகாரி ரிப்போர்ட்டோடு வந்து உட்கார்ந்தார். யாரோ ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். முதலாளி அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் அந்த மர யானை இருந்தது. முதலாளி அதன் தும்பிக்கையில் பேனா மூடியை மாட்டி வைத்திருந்தார்.

அதிகாரி ரிப்போர்ட்டை நீட்டி, இது உங்கள் கையெழுத்துதானே என்று கேட்டார். அண்ணன் வாங்கிப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். அந்தத் தேதியில் அவர் திம்பம் மலையில் வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு கழுத்தில் இருந்து டேப்பை எடுத்து, கையெழுத்தின் மேல் வைத்து அளந்தார்.

"என்ற கையெழுத்து ரெண்டேகால் இஞ்சுங்க. பதினேழு வருசமா ரெண்டேகால்தான். இது ரெண்டேமுக்கால். அரை இஞ்சு அதிகம்ங்க."

சிரிப்பு வரவேண்டிய இடம். வேறு யாருக்கோ நடந்திருந்தால் நானே இதை நூறு பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன். அப்படியானால் இதைப் போட்டது யார் என்று அதிகாரி கேட்டார். அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. "போட்டவங்களே சொல்லட்டும்ங்க" என்றார்.

சுவரில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. முதலாளி யானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எங்களுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார் என்று அளக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நிறையவே கொடுத்தார்.

முதலாளிதான் கடைசியில் வாயைத் திறந்தார். ஆங்கிலத்தில். இவருக்குக் கொஞ்ச நாளாகவே புத்தி சரியில்லை, ரோஸ்ட்டையெல்லாம் அளக்கிறார், இன்றே நிறுத்திவிடுகிறோம் என்றார். அதிகாரிக்குத் தேவையாக இருந்ததும் அப்படி ஒரு பதில்தான். அண்ணனுக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ரோஸ்ட் என்ற வார்த்தை புரிந்தது. போய்ட்டு வரேனுங்க என்று எல்லோருக்கும் பொதுவாகக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். மே மாதம் நான் மேனேஜர் ஆனேன்.

அவர் சோமனூர்ப் பக்கம் ஒரு தறிப் பட்டறையில் துணி அளக்கிறார் என்று சொன்னார்கள். எந்தப் பட்டறை என்று யாருக்கும் தெரியவில்லை. தேடிப் போக எனக்கும் தைரியம் வரவில்லை. டிசம்பர் வந்ததும் லீவு போட்டேன். கோயமுத்தூர் போனேன், இல்லை. மைசூர் போய் இரண்டு நாள் ஒட்டகச்சிவிங்கியைச் சுற்றி வந்தேன், இல்லை. திருச்சூரில், நீர்யானைக் குளத்தின் முன்னால், குரங்குக் குல்லாயோடு நின்றுகொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், "வாங்க சார்" என்றார். அதுவரை அவர் என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

வழியெல்லாம் நிறைய ஒத்திகை பார்த்திருந்தேன். அந்தக் கையெழுத்தை நான்தான் போட்டேன் என்று மட்டும் சொன்னேன். தெரியும், டேப்பை வைக்கும்போதே தெரியும் என்றார். மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் யோசித்தார். நிஜமாகவே தனக்குள் தேடிப் பார்க்கிற மாதிரி யோசித்தார்.

"மன்னிக்க வரலீங்க. வந்துருச்சுன்னு பொய் சொல்லவும் வரலீங்க."

சரிங்ண்ணா என்றேன். திரும்பிப் போவதா, நிற்பதா என்று தெரியவில்லை. குளத்தில் இரண்டு காது மட்டும் தெரிந்தது. கம்பியில் சாய்ந்திருந்தவர், என்னைப் பார்க்காமலேயே சித்தெ நகர்ந்து ஓர் ஆள் நிற்க இடம் விட்டார்.

"நிக்கறதுன்னா நில்லுங்க. இன்னுங் கொஞ்ச நேரத்துல மேல வரும்."

நின்றேன். அது மேலே வரவில்லை. சாயங்காலம் காவலாளி விசில் ஊதி எல்லோரையும் வெளியே போகச் சொல்கிற வரைக்கும், அவரை ஒட்டியே நின்றேன். விசில் இன்னும் கொஞ்சம் தாமதமாக ஊதியிருக்கலாம்.